காவிரிப் படுகையில் சோழரும் பக்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துக் கோயில்களைப் பார்க்க வருகிறவர்களும், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்து இப்போதுதான் ஊர்க் கோயிலின் சுவரை உற்றுப் பார்க்கத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு அது போதாது.

இடைக்காலம் என்று எந்தக் காலத்தைச் சொல்கிறோம்?

தமிழகத்தைப் பொறுத்தவரை, பல்லவர் வலுப்பெற்ற 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் விஜயநகரக் காலம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் 7-ஆம் நூற்றாண்டிலிருந்து 13-ஆம் நூற்றாண்டு வரையே பேசுகிறோம்.

பக்தி இயக்கத்தைத் தோற்றுவித்தவர்கள் சோழப் பேரரசர்களா?

இல்லை. மிகப் பரவலான தவறான எண்ணம் இது. திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் 7-ஆம் நூற்றாண்டில் பாடினார்கள். சுந்தரர் 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது பொதுவான கருத்து. இந்த மூவர் சிவனைப் பாடிய பாடல்களே தேவாரம். விஜயாலய சோழன் முத்தரையரிடமிருந்து தஞ்சையைக் கைப்பற்றியது 850-ஐ ஒட்டிய ஆண்டுகளில். கும்பகோணத்துக்கு அருகே திருப்புறம்பியத்தில் பல்லவரும் பாண்டியரும் மோதிய போரில் பல்லவர் பக்கம் நின்று ஆதாயம் அடைந்தவன் அவன் மகன் முதலாம் ஆதித்தன். அதாவது, காவிரிக் கரையின் ஊர்கள் பாட்டுக்குள் வந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்தே பேரரசு என்று சொல்லத்தக்க ஒன்று இங்கே எழுகிறது.

சம்பந்தர் பாடியபோது இந்த ஊர்களில் இருந்தவை பெரும்பாலும் செங்கல்லும் மரமும் கொண்டு எடுத்த சிறு கோயில்கள். தேவாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய இராஜகோபுரங்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தப் பாடல்களில் வருபவை வயல், வாளை, குவளை, வண்டு, கரும்பு, வெள்ளம். பாட்டு முன்னே வந்தது, கல் பின்னே வந்தது என்ற வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டால் இந்தப் பக்கத்தின் மற்றக் கேள்விகள் பலவும் எளிதாகிவிடும்.

பாடல் பெற்ற தலங்கள் ஏன் இங்கே மட்டும் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன?

தேவாரத் தலங்கள் 274 என்பது வழக்கமான கணக்கு. அவற்றில் காவிரி வடகரையில் 63, தென்கரையில் 127, ஆக 190 சோழ நாட்டில் உள்ளன. ஆழ்வார்கள் பாடிய வைணவத் திவ்வியதேசங்கள் 108-இல் 40 சோழ நாட்டைச் சேர்ந்தவை. வடகரை, தென்கரை என்று ஆற்றை வைத்தே தலங்களை எண்ணும் வழக்கமே ஒரு செய்தியைச் சொல்கிறது: அடியார்கள் ஆற்றங்கரை வழியே ஊர் ஊராக நடந்தார்கள். காவிரியும், அதிலிருந்து பிரியும் குடமுருட்டி, அரசலாறு, வெண்ணாறு, வெட்டாறு போன்ற ஆறுகளும் நீர் கொடுத்ததால் ஊர்கள் கூப்பிடு தூரத்தில் அமைந்தன. ஒரு வேளை உணவை ஒரு ஊரிலும் அடுத்த வேளையை இன்னொரு ஊரிலும் கொள்ளும்படியான நாடு வேறெங்கும் எளிதில் வாய்க்காது.

ஆறு இந்தக் கதைகளில் ஒரு பாத்திரமாகவே வருகிறது. சேரமான் பெருமாளோடு திருவையாற்றின் எதிர்க்கரைக்கு வந்த சுந்தரர், காவிரியில் வெள்ளம் போவதால் கடக்க முடியாமல் நின்று, ‘ஐயாறுடைய அடிகளோ’ என்று அழைத்துப் பாடியதும் ஆறு வழிவிட்டது என்கிறது பெரியபுராணம். குண்டையூரில் மலைபோல் குவிந்த நெல்லைத் திருவாரூருக்குக் கொண்டுபோக ஆள் இல்லை, ஆளைக் கொடு என்று அவரே இறைவனைக் கேட்கிறார். அறுவடைக் காலத்தில் ஆள் கிடைக்காத கவலை எங்கள் பக்கத்தில் இன்று நேற்று வந்ததில்லை என்பது இதைப் படிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

பிறகு அரசர்கள் இந்தப் பாட்டை எப்படித் தொடர்ந்தார்கள்?

பாடப்பட்ட ஊர்களைத் தேடிப்போய்க் கல்லால் கட்டினார்கள். முதலாம் ஆதித்தன் சஹ்ய மலை (மேற்குத் தொடர்ச்சி மலை) முதல் கடல் வரை காவிரியின் இரு கரையிலும் சிவனுக்குக் கற்கோயில்கள் எடுத்தான் என்று அவன் வழிவந்த சுந்தர சோழன் காலத்து அன்பில் செப்பேடு புகழ்கிறது. புகழ்ச்சியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், கும்பகோணம் நாகேசுவரர் கோயில், புள்ளமங்கை போன்ற முற்காலச் சோழர் கோயில்கள் அந்த வேகத்துக்குச் சான்றாக நிற்கின்றன.

இந்தப் பணியில் மன்னர்கள் எவரையும்விட மேலாக நான் மதிப்பது செம்பியன் மாதேவியை. கண்டராதித்த சோழனின் தேவியான அவர் இளம்வயதில் கணவனை இழந்து, மகன் உத்தம சோழன் காலத்திலும் அதன்பின் இராஜராஜன் காலத்திலும், பழைய செங்கல் கோயில்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்றளியாக்கினார். திருநல்லம் என்னும் கோனேரிராஜபுரத்தில் அவர் கணவன் பெயரால் எடுத்த கோயிலில், கண்டராதித்தர் சிவனை வழிபடுவது போன்ற சிற்பம் கல்வெட்டுக் குறிப்போடு இருக்கிறது. கண்டராதித்தரே திருவிசைப்பா என்னும் சிவன் பாடல் பாடியவர். அரசரும் அடியாரும் ஒருவரானது அங்கே.

தஞ்சைப் பெரிய கோயிலும் பாடல் பெற்ற தலமா?

தேவாரப் பதிகம் பெற்ற தலம் அன்று. கருவூர்த்தேவர் பாடிய திருவிசைப்பா மட்டுமே அதற்கு உண்டு. காரணம் எளியது: மூவர் காலத்தில் அந்தக் கோயிலே இல்லை. முதலாம் இராஜராஜன் (985–1014) கட்டி 1010-இல் விமானத்துக்குக் குடம் வைத்த கோயில் அது. பழைய பாட்டு இல்லாத இடத்தில் நாட்டிலேயே பெரிய விமானத்தை எழுப்பியவன், பாட்டை வேறு வழியில் அங்கே கொண்டுவந்தான்.

திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரப் பதிகம் பாட, 48 பிடாரர்கள், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர் என்று 50 பேரை நியமித்து, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் என்று கல்லில் வெட்டிவைத்தான். அளக்கும் மரக்காலுக்கும் ‘ஆடவல்லான்’ என்று கூத்தப்பெருமானின் பெயர். பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்பதால், பாட்டுக்காக மட்டும் நாளொன்றுக்குப் பன்னிரண்டரைக் கலம் நெல் அளந்திருக்கிறார்கள். இவர்களில் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் போனாலோ அடுத்த உரிமையுள்ளவர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை அமர்த்த வேண்டும் என்றும் அந்தக் கல்வெட்டு ஏற்பாடு செய்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல் மகளிர் 400 பேரைத் திருவாரூர் முதலான பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் கொடுத்ததையும் பெயர் பெயராக அங்கே படிக்கலாம்.

தெருவில் நடந்துகொண்டே பாடிய பாட்டு இப்போது சம்பளம் பெறும் பணியாகிவிட்டது. அதனால்தான் அது அழியாமல் நின்றது என்பது உண்மை. அதனால் அதன் இயல்பு மாறியது என்பதும் உண்மை. ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்று அரச ஆணைக்கு எதிராகப் பாடிய நாவுக்கரசரின் பதிகத்தை அரசன் அளந்த நெல்லை வாங்கிக்கொண்டு பாடியவர்களின் மனநிலையைக் கல்வெட்டு எங்கும் சொல்வதில்லை.

தேவாரச் சுவடிகளைக் கரையான் அரித்த கதை உண்மையா?

தில்லை என்னும் சிதம்பரம் கோயிலில் பூட்டிய அறைக்குள் கரையான் அரித்துக் கிடந்த ஏடுகளை, திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் துணையோடு அரசன் (இராஜராஜன் என்பது வழக்கு) மீட்டான் என்பது உமாபதி சிவம் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் சொல்வது. அந்தப் புராணம் நிகழ்ச்சிக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது. இராஜராஜனின் கல்வெட்டுகளில் இதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை. மேலும், பதிகம் பாடும் வழக்கம் அவனுக்கு முன்பே இருந்தது. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டே திருப்பதியம் பாடுவோரைக் குறிக்கிறது. ஆகவே, மறைந்துபோன பாட்டை ஒருவன் ஒரே நாளில் கண்டெடுத்தான் என்பதைவிட, பல கோயில்களில் பலர் வாயில் இருந்ததை ஒருவர் தொகுத்தார் என்று கொள்வதே பொருத்தம். தொகுத்தவர் நம்பி என்பதில் மரபு உறுதியாக இருக்கிறது.

அறுபத்துமூன்று நாயன்மார்களான அடியார்களின் வரலாற்றைப் பெரியபுராணமாக விரித்து எழுதிய சேக்கிழார், இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவர். அடுத்து வந்த இரண்டாம் இராஜராஜன் தாராசுரத்தில் எடுத்த கோயிலின் சுவரடியில், அறுபத்துமூவர் கதைகள் சிறுசிறு சிற்பங்களாகப் பெயர்க் குறிப்போடு வரிசையாக உள்ளன. குனிந்து பார்க்க வேண்டும். நிமிர்ந்து விமானத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

இவ்வளவு நெல்லும் எங்கிருந்து வந்தது?

நிலத்திலிருந்து; அதை அளந்து வகைப்படுத்திய ஆட்சியிலிருந்து. இராஜராஜன் 1001-ஐ ஒட்டிச் சோழநாட்டு நிலத்தை அளக்கச் செய்து, வளநாடுகளாகப் பகுத்தான். வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கி அதற்கும் கீழான பின்னங்கள் வரை கணக்கு எழுதினார்கள். எல்லை சொல்லும்போது இன்ன வதிக்கு (பாதைக்கு)க் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இத்தனையாம் கண்ணாற்றில் (கிளை வாய்க்காலில்) இத்தனையாம் சதுரம் என்று பாசனத்தை வைத்தே சொல்லும் முறை டெல்டாக் கல்வெட்டுகளின் தனி அழகு.

கோயிலுக்கு விட்ட நிலம் தேவதானம், பிராமணர்க்கு விட்டது பிரமதேயம். பிரமதேய ஊரைச் சபையும், வேளாண் குடிகள் வாழ்ந்த ஊரை ஊராரும், பல ஊர்கள் சேர்ந்த நாட்டை நாட்டாரும், வணிகர் ஊரை நகரத்தாரும் நிர்வகித்தனர். மங்கலம் என்று முடியும் இன்றைய ஊர்ப் பெயர்கள் சிலவற்றைத் தோண்டினால் அடியில் ஒரு சதுர்வேதிமங்கலம் இருக்கும். முடிகொண்டான், வீரசோழன், விக்கிரமன் என்று ஆற்றுக்கே சோழப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. முறைவைத்துத் தண்ணீர் விடும் அறிவிப்பைப் படிக்கும் விவசாயி, தன்னை அறியாமலே மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசன் புகழுரை) படிக்கிறார்.

பக்தி இயக்கம் சாதியை ஒழித்ததா?

பாட்டு ஒன்று சொன்னது, ஊர் வேறொன்று செய்தது. ‘கோத்திரமும் குலமும் கொண்டு என் செய்வீர்’ என்று கேட்டவர் நாவுக்கரசர். புலையரேனும் சிவனுக்கு அன்பராகில் அவரே நாம் வணங்கும் கடவுள் என்று பாடியவரும் அவரே. இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்லிவிட முடியாது. ஆனால், ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டு கழித்து, அவர் பதிகத்தை ஓத 48 பேரை அமர்த்திய அதே பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விட்ட ஊர்களின் இறையிலி (வரி இல்லாத) நிலங்களைக் கணக்கிடும் இடத்தில், ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. பாட்டும் கணக்கும் ஒரே சுவருக்குள் இருந்தன.

திருநாளைப்போவார் என்னும் நந்தனார் கதையைப் பார்ப்போம். ‘செம்மையே திருநாளைப் போவார்க்கும் அடியேன்’ என்று சுந்தரர் ஒரே வரியில் வணங்குகிறார். சேக்கிழார் அவரை ஆதனூர்ப் புலைப்பாடியில் காட்டி, கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்த தொண்டராக எழுதுகிறார். திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டது. நந்தனார் உள்ளே போகவில்லை. தில்லையில் நெருப்பில் மூழ்கி வேதியர் வடிவம் பெற்றபின்தான் போகிறார். பலரும் நம்புவதுபோல், அவரைத் தில்லைக்குப் போகவிடாமல் தடுத்த வேதியப் பண்ணையார் பெரியபுராணத்தில் இல்லை. அந்தப் பாத்திரம், 19-ஆம் நூற்றாண்டில் மாயவரத்தை ஒட்டிய ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் படைத்தது. தம் கண்முன் இருந்த பண்ணைகளை அவர் பார்த்திருக்கிறார் என்பதே என் எண்ணம்.

கோயில் பஞ்சத்தில் மக்களைக் காத்ததா?

இதற்கு இரண்டு ஊர்களைச் சொல்வேன். இரண்டும் பேரளம் பக்கத்தில், ஒன்றுக்கொன்று அருகிலேயே இருப்பவை. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது நாவுக்கரசருக்கும் சம்பந்தருக்கும் சிவபெருமான் நாள்தோறும் படிக்காசு வைத்ததாகவும், அதைக் கொண்டு இருவரும் அடியார்களுக்கு அமுதளித்ததாகவும் பெரியபுராணம் கூறுகிறது. சம்பந்தருக்குக் கிடைத்த காசுக்கு வட்டம் (மாற்றும்போது கழிவு) கொடுக்க நேர்ந்ததால் அவர் மடத்தில் உணவு தாமதமாயிற்று. அதற்காக அவர் பாடியதே ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்ற பதிகம். கடவுளிடமே நல்ல காசு கேட்டு வாங்கிய உரிமை அது.

திருப்பாம்புரத்தில் இருப்பது கல்வெட்டு. மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1201. விலைவாசி ஏறிய பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாத ஒரு வேளாளர், தம்மையும் தம் இரு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டதை அது பதிவு செய்கிறது. கோயில் அவர்களைச் சாகவிடவில்லை என்று ஒருவர் சொல்லலாம். கோயில் அவர்களை விலைக்கு வாங்கியது என்று மற்றொருவர் சொல்லலாம். இரண்டும் அந்த ஒரே கல்லில் இருக்கின்றன. சோழர் காலம் பொற்காலம் என்றோ இருண்ட காலம் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட நினைப்பவர்களை நான் முதலில் இந்த இரண்டு ஊருக்கும் போய்வரச் சொல்வது வழக்கம்.

சைவம் எழுந்ததும் பௌத்தமும் சமணமும் அழிந்துவிட்டனவா?

சம்பந்தர் தம் பதிகங்களின் பத்தாம் பாட்டில் சமணரையும் சாக்கியரையும் தாக்குவதை வழக்கமாகவே வைத்திருந்தார்; நாவுக்கரசர் சமணத்தில் இருந்து திரும்பியவர். போட்டி கடுமையாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அழிவு அவ்வளவு விரைவில் நடக்கவில்லை. நாகப்பட்டினத்தில், கடல் கடந்த சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் எடுத்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு, இராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை விட்டான். பெரிய கோயிலைக் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற ஆவணத்தில் இது உள்ளது. அவன் மகன் இராஜேந்திரன் 1025-இல் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தான். ஆனாலும் 1090-இல் முதலாம் குலோத்துங்கன் விகாரத்தின் உரிமைகளை மீண்டும் உறுதி செய்தான். விகாரத்தின் எஞ்சிய கோபுரம் 1867-இல்தான் இடிக்கப்பட்டது. வீரராஜேந்திரன் பெயரால் வீரசோழியம் என்ற இலக்கணம் எழுதிய புத்தமித்திரரும் பௌத்தரே. சமணம் இன்றும் இங்கே இருக்கிறது: மன்னார்குடியிலும் தீபங்குடியிலும் ஜினாலயங்களில் (சமணக் கோயில்களில்) வழிபாடு நடக்கிறது.

வைணவத்துக்கு இங்கே என்ன இடம்?

சிறிய இடம் அன்று. திருமங்கையாழ்வார் சீர்காழிக்கு அருகே திருக்குறையலூரிலும், தொண்டரடிப்பொடியாழ்வார் திருமண்டங்குடியிலும் பிறந்தவர்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே, முதலாம் பராந்தகனின் விருதுப் பெயரைத் தாங்கிய வீரநாராயணபுரத்தில், அதாவது இன்றைய காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்த நாதமுனிகள், கும்பகோணத்துப் பெருமாளைப் பாடிய ‘ஆராவமுதே’ திருவாய்மொழியைச் சிலர் பாடக் கேட்டு, பாட்டின் இறுதியில் ‘ஆயிரத்துள் இப்பத்து’ என்று வருவதைக் கவனித்து, மற்றவை எங்கே என்று தேடிப் புறப்பட்டதாகக் குருபரம்பரை சொல்கிறது. ஆழ்வார்களின் பாடல்கள் நாலாயிரமும் தொகுக்கப்பட்டதன் தொடக்கம் அந்த ஒரு கேள்வி. சோழர்கள் வைணவத்தைப் பொதுவாக ஆதரித்தார்கள். இராஜராஜனின் தமக்கை குந்தவை தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் தனித்தனியே கோயில் எடுத்தார். இரண்டாம் குலோத்துங்கன் தில்லைக் கோவிந்தராசர் சிலையை அகற்றியது அந்தப் பொதுப்போக்குக்கு மாறான நிகழ்ச்சி.

அடியார்களில் பெண்கள் உண்டா?

அறுபத்துமூவரில் மூவர்: காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். மூவரில் பாடல் விட்டுச்சென்றவர் காரைக்கால் வணிகர் குலத்து அம்மையார் ஒருவரே. தேவார மூவருக்கும் மூத்தவர் அவர்.

சோழருக்குப் பின் என்ன ஆயிற்று?

1279-ஐ ஒட்டி மூன்றாம் இராஜேந்திரனோடு சோழர் ஆட்சி முடிந்தது. பாண்டியர், பின்னர் விஜயநகரத்தார், 16-ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர், 1670-களில் மராத்தியர் என்று ஆட்சி மாறியது. பக்தி நின்றுவிடவில்லை; வேறு மொழிகளிலும் பேசத் தொடங்கியது. கோவிந்தபுரம் போதேந்திரர், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஆகியோர் வளர்த்த நாமசங்கீர்த்தன மரபில் மராத்தி அபங்கமும் தெலுங்குக் கீர்த்தனையும் காவிரிக் கரையில் ஒலித்தன. நாகூரில் சாகுல் ஹமீது ஆண்டவர் தர்காவின் மிக உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மர்.

எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டை நானே படிக்க முடியுமா?

முழுதும் முடியாவிட்டாலும் தொடங்கலாம். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி நடந்து ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற தொடக்கத்தைத் தேடுங்கள். ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’ என்று தொடர்ந்தால் இராஜராஜன். ‘திருமன்னி வளர’ என்றால் இராஜேந்திரன். பிறகு யாண்டு (ஆட்சியாண்டு) என்ற சொல்லும் எண்ணும் வரும். ‘சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு’ என்று இருந்தால், ஒரு நந்தா விளக்குக்கு (அணையா விளக்குக்கு) நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பதற்காக விட்ட ஆடுகள் என்று பொருள். செத்ததற்கு ஈடாகக் குட்டி வளர்ந்துவிடும் என்பதால் அந்த மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும்: திருப்பணியின்போது சுவரில் சுண்ணாம்பு பூசவோ, மணலைப் பாய்ச்சித் தேய்க்கவோ விடாதீர்கள். எங்கள் பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில், முந்தைய ஆண்டு நான் படித்த ஐந்து வரி, குடமுழுக்குக்குப் பின் வெறும் வழவழப்பாக இருந்தது. அந்தச் சுவர்களில் இருப்பவை கணக்குகள் மட்டும் அல்ல. திருவிடைவாய்க் கோயிலில், ஏட்டில் எங்கும் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று, ‘மறியார் கரத்தெந்தை’ என்று தொடங்குவது, 1917-இல் கல்வெட்டில் கிடைத்தது. 274 தலங்கள் 275 ஆனது அதன் பிறகுதான்.